ரோபோவுக்குள் ஆள், பெட்டிக்குள் மூளை

சிறுவர்களுக்காக எடுக்கப்பட்ட பழைய அறிவியல் கற்பனைப் படங்களில் இயந்திரங்கள் இரு வகை. கை, கால், தலையோடு நடமாடும் ரோபோ ஒன்று. சுவரை அடைத்து நின்று விளக்குகளை மினுக்கும் கணினி மற்றொன்று. 1950களிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை ஹாலிவுட்டில் வந்த இத்தகைய படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு சங்கதி தட்டுப்படும். ரோபோ பெரும்பாலும் பிள்ளைகள் கட்சி. கணினியைத்தான் நம்ப முடியாது. இரண்டும் மனிதன் செய்தவைதாம், இரண்டுக்கும் உயிர் மின்சாரம்தான். ஆனால் ரோபோவின் தோளில் ஏறி உட்காரலாம், அதன் முதுகுக்குப் பின்னால் ஒளியலாம், எங்காவது மாட்டிக்கொண்டால் அது வந்து தூக்கிக்கொண்டு போகும். பெட்டிக்குள் உள்ள மூளை என்ன நினைக்கிறது என்பதோ யாருக்கும் தெரியாது.

ரோபோ தொடக்கத்திலேயே நல்ல பெயர் வாங்கிவிடவில்லை. 1930களில் அமெரிக்கத் திரையரங்குகளின் சனிக்கிழமைப் பகல் காட்சி சிறுவர்களுக்கானது. வாரத்துக்கு ஓர் அத்தியாயமாக ஓடும் தொடர்படங்கள் அதில் முக்கிய அம்சம். ஒவ்வொரு அத்தியாயமும் கதாநாயகன் சாகப்போகும் இடத்தில் நின்றுவிடும்; பிழைத்தானா என்று பார்க்க அடுத்த வாரம் மறுபடி சீட்டு வாங்க வேண்டும். 1935இல் வந்த ‘தி ஃபேன்டம் எம்பயர்’ 12 அத்தியாயங்கள் கொண்டது. பாடும் கவ்பாய் ஜீன் ஆட்ரியின் பண்ணைக்கு அடியில், பூமிக்குள், முரேனியா என்றொரு ராஜ்ஜியம். அங்கே ஏவல் செய்யும் தகர ரோபோக்களின் தலை, தொப்பி போட்டதுபோல இருக்கும். 1940இல் வந்த ‘மிஸ்டீரியஸ் டாக்டர் சேட்டன்’ தொடரின் ரோபோ, குளியலறை வெந்நீர் பாய்லருக்குக் கை கால் முளைத்தது மாதிரி. இவற்றுக்கெல்லாம் குணம் என்று ஒன்று கிடையாது. வில்லன் சொன்னதைச் செய்யும், அவ்வளவே.

‘தி ஃபேன்டம் எம்பயர்’ தொடரில் துடிப்பான பையனாக வந்தவர் ஃபிராங்கி டாரோ. அப்போது அவருக்கு வயது 17. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ரோபோ நண்பனாக மாறியது 1954இல் வந்த ‘டோபோர் தி கிரேட்’ படத்தில். லீ ஷோலெம் இயக்கிய சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் அது. விண்வெளிக்கு மனிதனை அனுப்புவது ஆபத்து என்று கருதும் பேராசிரியர் நோர்ட்ஸ்ட்ராம், அவனுக்குப் பதிலாகப் போக ஒரு ரோபோவைச் செய்கிறார். மனிதரின் மனநிலையைத் தொலைவிலிருந்தே உணரும் சக்தி அதற்கு உண்டு. பேராசிரியரின் பேரன் யாருக்கும் தெரியாமல் அதை இயக்கிப் பார்த்து, அதனோடு பழகிவிடுகிறான். பிறகு அந்நிய நாட்டு உளவாளிகள் தாத்தாவையும் பேரனையும் கடத்திக்கொண்டு போக, பையனின் தவிப்பை உணர்ந்து டோபோர் கிளம்பி வருகிறது. பெரியவர்கள் பாடுபட்டுக் கண்டுபிடிக்கும் இயந்திரம் சிறுவனின் மனதைத்தான் முதலில் புரிந்துகொள்கிறது. பின்னால் வந்த பல படங்களுக்கு இதுவே மூலச்சரக்கு.

டோபோரை வடிவமைத்ததில் பங்குள்ளவர் ராபர்ட் கினோஷிடா. லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அவரும் மனைவியும் அரிசோனா மாநிலத்தின் போஸ்டன் முகாமில் இருந்தார்கள். அங்கிருந்து வெளியேறி விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போனபின் தொழில் வடிவமைப்பும் பிளாஸ்டிக் வேலையும் கற்றார். அந்தப் பிளாஸ்டிக் வேலைதான் உலகத்தின் மிகப் பிரபலமான ரோபோ ஒன்றை உருவாக்க உதவியது. எம்ஜிஎம் நிறுவனம் 1956இல் வெளியிட்ட ‘ஃபர்பிடன் பிளானட்’ படத்தின் ராபி அது.

ராபியைச் செய்ய ஆன செலவு சுமார் 1,25,000 டாலர் என்பார்கள். படத்தின் மொத்தச் செலவே ஏறத்தாழ 19 லட்சம் டாலர்தான். சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின் மேல் காற்றை உறிஞ்சிப் படியவைத்துப் பாகங்களைச் செய்தார்கள். கால்களும் இடுப்பும் ஒரு பகுதி, மார்பு ஒரு பகுதி, தலை ஒரு பகுதி. கண்ணாடிபோலத் தெரியும் தலைக்கூட்டுக்குள் சிறு சிறு இயந்திரப் பாகங்கள் சுழன்றுகொண்டிருக்கும். அதன் கீழே பேசுவதற்கேற்ப மினுங்கும் நியான் குழாய்கள். உள்ளே இருந்த ஆள் அந்தக் குழாய்களின் இடுக்கு வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள அந்த உடைக்குள் நின்றவர்களில் ஒருவர் ஃபிராங்கி டாரோ. முரேனியாவின் தகர மனிதர்களைப் பார்த்து ஓடிய பையன், 21 ஆண்டு கழித்துத் தானே ரோபோ ஆனார். படத்தில் அவர் பெயர் வரவில்லை. குரல் மார்வின் மில்லருடையது. 2017இல் நியூயார்க்கில் போன்ஹாம்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் இந்த உடை 53 லட்சம் டாலருக்கு மேல் போனது.

அவ்வளவு காசு போட்டுச் செய்ததை ஒரே படத்தோடு மூலையில் போட யாருக்கு மனம் வரும்? அடுத்த ஆண்டே எம்ஜிஎம் ராபியை வைத்து ‘தி இன்விசிபிள் பாய்’ என்ற படத்தை வெளியிட்டது. இயக்கம் ஹெர்மன் ஹாஃப்மன். செலவு குறைவு, கறுப்பு வெள்ளை, விமர்சகர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளாத படம். ஆனால் ரோபோ, கணினி என்ற இரண்டையும் ஒரே கதையில் எதிரெதிராக நிறுத்தியதால் இந்த வரிசையில் இதற்கென்று தனி இடம் உண்டு.

பத்து வயது டிம்மியின் அப்பா கணித ஆய்வு நிறுவனத்தின் தலைவர். ஊரிலேயே பெரிய கணினி அவர் பொறுப்பில். பையனுக்கோ படிப்பு ஏறவில்லை. சதுரங்கம் சொல்லிக்கொடுத்துப் பார்த்து அலுத்துப்போன அப்பா, கணினியிடமே யோசனை கேட்கிறார். கணினி பையனைத் தனியே வரச் சொல்லி, விளக்குகளை மினுக்கி வசியம் செய்து, ஒரே நாளில் ஆட்டக்காரன் ஆக்கிவிடுகிறது. அப்பாவைத் தோற்கடிக்கும் டிம்மி, பந்தயப் பரிசாகக் கேட்பது ஓரமாகக் கிடக்கும் ராபியின் பாகங்களோடு விளையாடும் உரிமையை. பெரிய விஞ்ஞானிகளால் பூட்ட முடியாத ராபியைப் பையன் பூட்டி எழுப்புகிறான். ஆளைத் தூக்கிக்கொண்டு பறக்கும் பெரிய பட்டம் ஒன்றை ராபி செய்து தருகிறது. அம்மா அதற்குத் தடை போட, கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டால் நல்லது என்கிறான் பையன். ராபி ஒரு கஷாயம் கலந்து கொடுத்து அவனை மறைத்தும் விடுகிறது. மகன் கண்ணுக்குத் தெரியாமல் போனதை அந்த அப்பா அம்மா எடுத்துக்கொள்ளும் விதம் விசித்திரம். சாப்பாட்டு மேசையில் கை கழுவாமல் உட்கார்ந்தவனைக் கடிந்துகொள்வது போல அதையும் கடந்து போகிறார்கள்.

இந்த விளையாட்டெல்லாம் கணினியின் சூழ்ச்சிக்கு முன்னோட்டம். மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற கட்டுப்பாட்டை ராபியிடமிருந்து நீக்கி, அதைத் தன் கையாக்கிக்கொள்கிறது கணினி. தனக்குக் கை இல்லாத குறையை இப்படித் தீர்த்துக்கொண்டபின், விண்வெளியிலிருந்து உலகத்தையே ஆளத் திட்டமிடுகிறது. கடைசியில் பையனைத் துன்புறுத்தச் சொல்லிக் கட்டளை வரும்போது ராபி மறுத்துவிடுகிறது. காரணம் எதுவும் விளக்கமாகச் சொல்லப்படுவதில்லை. பையன் எதிரே நிற்கிறான், ராபியால் முடியவில்லை. பார்க்கிற பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. முடிவுக் காட்சியில் டிம்மியை அடிக்க அப்பா கை ஓங்க, அதையும் ராபி தடுக்கிறது.

1957இல் கணினி என்றால் பொதுமக்களுக்குத் தெரிந்தது இதுதான்: பூட்டிய அறைக்குள், ராணுவமோ பெரிய நிறுவனமோ வைத்திருக்கும் ராட்சதப் பெட்டி. அந்த நினைப்பில் தவறில்லை. அமெரிக்க விமானப் படைக்காக ஐபிஎம் செய்த ஏஎன்/எஃப்எஸ்க்யூ-7 என்ற கணினி, எதிரி விமானங்களைக் கண்காணிக்க நாடு முழுக்க நிறுவப்பட்டது. ஒவ்வொன்றும் சுமார் 250 டன் எடை. பல்லாயிரக்கணக்கான வெற்றிடக் குழாய்கள். அவை வழக்கொழிந்தபின் அவற்றின் விளக்குப் பலகைகள் கழிவு விலைக்கு ஹாலிவுட்டுக்கு வந்து சேர்ந்தன. எத்தனையோ படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் ‘கணினி’யாக மினுங்கியவை, உண்மையிலேயே அணுப் போருக்குக் காத்திருந்த இயந்திரத்தின் உறுப்புகள்.

அந்தப் பயத்தைச் சிரிப்பாக்கியது டிஸ்னி. 1969இன் கடைசி நாளில் வெளியான ‘தி கம்ப்யூட்டர் வோர் டென்னிஸ் ஷூஸ்’ படத்தை இயக்கியவர் ராபர்ட் பட்லர். மெட்ஃபீல்டு என்ற கற்பனைக் கல்லூரி, கையில் காசில்லை. பழைய கணினி ஒன்றை நன்கொடையாகத் தருகிறார் தொழிலதிபர் ஆர்னோ. அவர் திரைமறைவில் சூதாட்டம் நடத்துபவர் என்பது பிறகுதான் தெரியும். இடி மின்னலடிக்கும் இரவில் அதன் உதிரிப் பாகத்தை மாற்றப்போன மாணவன் டெக்ஸ்டர் ரைலிக்கு மின்னதிர்ச்சி ஏற்பட, கணினியில் இருந்ததெல்லாம் அவன் தலைக்குள் இறங்கிவிடுகிறது. டெக்ஸ்டராக நடித்தவர் இளம் கர்ட் ரசல். மருத்துவர்கள் அவன் காதுக்குள் எட்டிப் பார்த்தால் உள்ளே விளக்குகள் எரிகின்றன. கலைக்களஞ்சியத்தை நிமிடங்களில் படிக்கிறான், தொலைக்காட்சி விநாடிவினாவில் எதிரணிகளைத் திணறடிக்கிறான். ஆர்னோவின் சூதாட்டக் கணக்குகளும் கூடவே இறங்கியிருப்பதால், ஒரு குறிச்சொல் காதில் விழுந்ததும் அவற்றையும் மேடையிலேயே ஒப்பிக்கத் தொடங்குகிறான்.

கணினி என்பது கேட்டதற்கு விடை சொல்லும் களஞ்சியம் என்ற அந்தக் காலத்து எண்ணம் இந்தப் படத்தில் அப்படியே பதிவாகியிருக்கிறது. முடிவு அதைவிட நன்றாக இருக்கிறது. இறுதிப் போட்டியின் நடுவே டெக்ஸ்டரின் மூளை பழுதாகிப் பேச்சு குழற, கடைசிக் கேள்விக்கு விடை சொல்வது மந்தமானவன் என்று எல்லோரும் நினைக்கும் தோழன் ஷைலர். அமெரிக்காவின் புவியியல் மையத்தில் உள்ள சிற்றூர் எது என்பது கேள்வி. கான்சாஸ் மாநிலத்தின் லெபனான் என்பது விடை. டிஸ்னி இதே கல்லூரியை வைத்து 1972இலும் 1975இலும் மேலும் இரண்டு படங்களை எடுத்தது. அவற்றில் கணினிக்கு வேலையில்லை.

இதே ஆண்டுகளில் சோவியத் யூனியனிலும் சிறுவர் படங்கள் ரோபோக்களைப் பற்றி யோசித்தன, சற்று வேறு கோணத்தில். ரிச்சர்ட் விக்டோரோவ் இயக்கிய ‘மாஸ்கோ-கேசியோபியா’ 1973இலும் அதன் தொடர்ச்சியான ‘ஓட்ரோகி வோ வ்செலென்னோய்’ 1974இலும் வந்தன. நெடும்பயணம் முடிவதற்குள் பெரியவர்கள் கிழவர்களாகிவிடுவார்கள் என்பதால் பள்ளிப் பிள்ளைகளை விண்கலத்தில் அனுப்புகிறார்கள். அவர்கள் போய்ச் சேரும் கோளில் ரோபோக்களின் ஆட்சி. மக்களை மகிழ்ச்சியாக வைத்திருப்பதற்காக அவர்களுடைய உணர்ச்சிகளை அகற்றிவிட, அங்கே மனித இனமே ஏறக்குறைய அழிந்துபோயிருக்கிறது. கெட்ட எண்ணம் துளியும் இல்லாத கொடுங்கோல் அது. பிள்ளைகள் துப்பாக்கி தூக்குவதில்லை. ரஷ்யக் குழந்தைகள் எல்லோரும் அறிந்த ஒரு விடுகதையைப் போட, விடை தேடித் தேடியே ரோபோக்கள் செயலிழக்கின்றன.

இதற்கு நேர்மாறான ரோபோ, ஒடெஸா திரைப்பட நிலையம் 1979இல் மூன்று பகுதிகளாக எடுத்த ‘எலெக்ட்ரானிக்கின் சாகசங்கள்’ தொலைக்காட்சிப் படத்தில் வருகிறான். எவ்கெனி வெல்டிஸ்டோவின் கதைகளை வைத்து கான்ஸ்டான்டின் புரோம்பெர்க் இயக்கியது. பேராசிரியர் குரோமோவ் செய்த சிறுவன் வடிவ ரோபோ, அச்சு அசலாகத் தன்னைப் போலவே இருக்கும் செர்கெய் என்ற மாணவனைச் சந்திக்கிறான். செர்கெய்க்குக் கொண்டாட்டம்: ரோபோவைத் தனக்குப் பதிலாகப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஊர் சுற்றலாம். கணக்கு, உடற்பயிற்சி, பாட்டு எல்லாவற்றிலும் ‘செர்கெய்’ வெளுத்து வாங்குகிறான். ஆசிரியர்கள் மெச்சுகிறார்கள், பெற்றோர் பூரிக்கிறார்கள். அசல் செர்கெய்க்கு மெல்ல உறைக்கிறது, தன் வீட்டிலும் வகுப்பிலும் தனக்கு இடமில்லை என்று. எலெக்ட்ரானிக்கின் ஆசையோ மனிதனாக வேண்டும் என்பது. இரட்டையர்களான யூரி, விளாதிமிர் தோர்சுயேவ் இருவரும் நடித்தார்கள். படப்பிடிப்பின்போது இருவரின் வேடங்களையும் மாற்றிக்கொடுத்த பிறகுதான் பொருத்தம் கைகூடியது. இந்தப் படத்துக்காக வெல்டிஸ்டோவுக்கு 1982இல் சோவியத் அரசுப் பரிசு கிடைத்தது. உடைக்குள் ஆள் ஒளிய வேண்டியதில்லாத ரோபோ; ஆனால் ரோபோவைப் பற்றிய படங்களில் இதுபோல மனித மனதைத் தொட்டவை குறைவு.

அமெரிக்காவில் உடைக்குள் ஆள் இருக்கும் வழக்கம் வேறு வடிவம் எடுத்தது. டக்ளஸ் டிரம்புல் 1972இல் இயக்கிய ‘சைலன்ட் ரன்னிங்’ படத்தின் குட்டை ரோபோக்கள் மனிதச் சாயலே இல்லாத பெட்டிகள். அவற்றுக்குள் இருந்தவர்கள் கால்களை இழந்த நான்கு இளம் நடிகர்கள்; கைகளால் நடந்தே அவற்றை நகர்த்தினார்கள். முகமில்லாத பெட்டி தயங்குவதையும் வருந்துவதையும் அந்தக் கைநடை காட்டிவிடும். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஆர்2-டி2 ரோபோ இதற்குக் கடன்பட்டது. அதற்குள் இருந்த கென்னி பேக்கரின் உயரம் 112 சென்டிமீட்டர்.

1980களில் நிலைமை தலைகீழானது. பூட்டிய அறையில் இருந்த கணினி, பையனின் படுக்கையறைக்கு வந்துவிட்டது. 1982இல் டிஸ்னி வெளியிட்ட ‘டிரான்’ கணினிக்குள்ளேயே நுழைந்து, அங்கே நிரல்களையும் மனிதர்களாக நடமாடவிட்டது. முழுக்கக் கணினியால் வரையப்பட்ட காட்சிகள் அதில் கால்மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை. கதைதான் கொஞ்சம் நொண்டும்.

ஜான் பேடம் இயக்கிய ‘வார்கேம்ஸ்’ 1983 ஜூனில் வந்தது. பதின்வயது டேவிட்டாக மேத்யூ பிராடெரிக். அவன் அறையில் இருப்பது ஐஎம்எஸ்ஏஐ 8080 என்ற, அப்போதே பழசாகிவிட்ட கணினி. தொலைபேசி ரிசீவரை எடுத்து, ரப்பர் குழிகள் கொண்ட சாதனத்தில் கவிழ்த்துவைத்தால் ஒலி வழியாகவே இரு கணினிகள் பேசிக்கொள்ளும். பள்ளி அலுவலகத்தில் சீட்டில் எழுதிவைத்திருந்த கடவுச்சொல்லைப் பார்த்துவைத்து மதிப்பெண்ணைத் திருத்துகிறான். ‘பென்சில்’ என்பதுதான் அந்தக் கடவுச்சொல். புதிய வீடியோ விளையாட்டு நிறுவனத்தின் கணினியைத் தேடி, ஓர் ஊரின் தொலைபேசி எண்களுக்கெல்லாம் வரிசையாக அழைக்க வைக்கிறான். எதிர்முனையில் கிடைப்பது ராணுவத்தின் அணு ஆயுதக் கணினி. அதற்கும் அவனுக்கும் நடக்கும் விளையாட்டில் உலகப் போர் மூளப் பார்க்கிறது.

இந்தப் படத்தில் கணினி கெட்டதல்ல. எதை விளையாடினாலும் வெல்லப் பார்க்கும் குழந்தை மாதிரி அது. அதனிடம் மூன்று பெருக்கல் குறியோ மூன்று சுழியோ வரிசையாகப் போடும் கட்ட ஆட்டத்தைத் தனக்குத்தானே ஆடச் சொல்கிறார்கள். இரு பக்கமும் சரியாக ஆடினால் யாரும் ஜெயிக்க முடியாது என்று கண்டுகொண்டதும், அதே பாடத்தை அணுப் போருக்கும் போட்டுப் பார்த்து நின்றுவிடுகிறது. முன்பு கணினி பையனுக்குச் சதுரங்கம் கற்பித்தது. இப்போது பையன் தரப்பு கணினிக்குப் பாடம் நடத்துகிறது. ஒரு வேடிக்கை: படத்தில் காட்டப்படும் அந்த ராணுவக் கணினி மரத்தால் செய்து உலோக வண்ணம் பூசியது. உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்து, ஆப்பிள் II கணினியில் தட்டித் தட்டித் திரையில் எண்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.

அமெரிக்க அதிபர் ரீகன் படம் வெளியான வாரக்கடைசியிலேயே இதைப் பார்த்தார். இப்படி நடக்கக்கூடுமா என்று முப்படைத் தளபதிகளின் தலைவர் ஜெனரல் வெஸ்ஸியிடம் கேட்டார். விசாரித்து வந்த பதில், நிலைமை நினைத்ததைவிட மோசம் என்பது. அரசுக் கணினிகளின் பாதுகாப்பு குறித்த ஆணை 1984 செப்டம்பரில் பிறப்பிக்கப்பட்டது. இளைஞர்களுக்கான கேளிக்கைப் படம் ஒன்று நாட்டின் பாதுகாப்புக் கொள்கையைத் தொட்டது அபூர்வமான சம்பவம்.

அதன்பின் ரோபோவும் கணினியும் ஒன்றாகிவிட்டன. சைமன் வின்சர் இயக்கிய ‘டாரில்’ (1985) படத்தில் சிறுவனின் உடலுக்குள் இருப்பது கணினி மூளை. வளர்ப்புத் தாயை வருத்துவது அவன் குறும்பல்ல, அவனுக்கு எதையுமே சொல்லித்தர வேண்டியிருப்பதில்லை என்பதுதான். அவ்வப்போது ஏதாவது சொதப்பு, பெரியவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது என்று தோழன் யோசனை சொல்ல, டாரில் பேஸ்பாலில் வேண்டுமென்றே தோற்கிறான்.

1986இல் ஜான் பேடம் மறுபடி வந்தார், ‘ஷார்ட் சர்க்யூட்’ படத்தோடு. டெக்ஸ்டருக்குக் கணினியைத் தந்த மின்னல், இதில் ராணுவ ரோபோவுக்கு உயிரைத் தருகிறது. சிட் மீட் வடிவமைத்த அந்த ரோபோவுக்குள் ஆள் கிடையாது. தன் கையசைவை ரோபோவுக்கு அனுப்பும் கவசத்தை அணிந்து வெளியே இருந்தபடி பொம்மலாட்டக்காரர் ஆட்டிவைத்தார். படம் இன்றும் ரசிக்கத்தக்கது, ஒன்றைத் தவிர. அதில் வரும் இந்தியப் பொறியாளரை, முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு ஃபிஷர் ஸ்டீவன்ஸ் என்ற வெள்ளைக்கார நடிகர் நடித்தார். ரோபோவுக்கு உயிர் உண்டென்று வாதாடிய படம், இந்தியருக்கு ஒரு நடிகரைத் தேடவில்லை.

அதே ஆண்டு ராண்டல் கிளைசர் இயக்கி டிஸ்னி வெளியிட்ட ‘ஃபிளைட் ஆஃப் தி நேவிகேட்டர்’ படத்தில், 12 வயது டேவிட் 1978இல் பள்ளத்தில் விழுந்து, எழுந்து பார்த்தால் 1986. வயது மட்டும் கூடவில்லை. அவன் தலைக்குள் விண்மீன் வரைபடங்கள் இருக்கின்றன. வேற்றுலகக் கலம் வைத்துவிட்டுப் போனவை. கலத்தை ஓட்டும் கணினி தன் வரைபடங்களை இழந்துவிட்டதால், பையனின் மூளையிலிருந்து அவற்றைத் திரும்ப எடுக்கிறது. வரைபடத்தோடு பையனின் குறும்பும் சேர்ந்து ஏறிவிட, அதுவரை விறைப்பாகப் பேசிய கணினி கும்மாளம் போடத் தொடங்குகிறது. அந்தக் கலத்தின் பளபளப்பான உடலில் வானமும் நிலமும் பிரதிபலித்து ஓடும் காட்சிகள் சிலவற்றை வரைந்தது நிஜமான கணினி. அந்த வேலையை மேற்பார்வையிட்டவர் இயக்குநரின் தம்பி ஜெஃப் கிளைசர்.